ஓர் உடல், இரண்டு எண்கள்

பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் வரும் நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை நினைவில் வைத்திருப்பது மருத்துவமனையின் ஆவணப் பிரிவே. அதைக் கணினிமயமாக்குவதென்றால் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வது என்றே பல நிர்வாகங்கள் கருதுகின்றன. சிக்கலோ பதிவு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே பெண் முதல்முறை ‘லட்சுமி’ என்றும் அடுத்தமுறை ‘லக்ஷ்மி’ என்றும் பதிவானால், ஓர் உடலுக்கு இரண்டு எண்கள் பிறக்கின்றன. பென்சிலின் ஒவ்வாமை ஓர் எண்ணில் இருக்கும். மருத்துவர் திறப்பது மற்றொன்றாக இருக்கும்.

காகிதக் காலத்தில் அனுபவமுள்ள எழுத்தர் தந்தை பெயரையும் ஊரையும் விசாரித்து இதைத் திருத்திவிடுவார். கணினி தானாக விசாரிக்காது. விசாரிக்கும்படி அதை வடிவமைக்க வேண்டும்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு விதிமுறைகள். சிதறிக்கிடக்கும் பாதி வரலாற்றை நொடியில் அச்சிட்டுத் தந்தாலும் அக்கடமை நிறைவேறியதாகாது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வழங்கும் 14 இலக்க ‘ஆபா’ எண் இதற்குப் பெரிதும் உதவும். ஆனால் அது விருப்பத்தின்பேரில் பெறுவது. நினைவிழந்து வருபவரிடம் அதைக் கேட்கவும் இயலாது.

ஆகவே மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமுன், இரட்டைப் பதிவுகளைக் கண்டறிந்து இணைக்கும் பயிற்சி பெற்ற ஆவண அலுவலர்களை அமர்த்துவதே முதற்பணி. ஒழுங்கற்ற பதிவேடு கணினியில் ஏறினால், அதன் பிழைகளே விரைவாகப் பரவும்.