வரவில்லாத வேலை

செய்த வேலைக்கு உடனே பலன் வேண்டும் என்று அவசரப்படும் பிள்ளைகளிடம் நான் நீதிநூல் எதையும் நீட்டுவதில்லை. இத்துப்போன கட்டையைக் காட்டுகிறேன். மழைக்காலத்தில் வேலியோரம் கிடக்கும் கட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்து, நார்நாராகப் பிரிந்து வந்தால் அது வெண் அழுகல் பூஞ்சையின் கைவரிசை.

மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். கட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். பூஞ்சைக்கு வேண்டியதோ அதற்குள் சிக்கிக் கிடக்கும் செல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி. லிக்னினை விலக்காமல் அதைத் தொட முடியாது. விலக்குவதில் வரவும் இல்லை. லிக்னினை மட்டுமே உணவாகக் கொடுத்தால் இந்தப் பூஞ்சை வளராது. கையிலிருக்கும் சக்தியைச் செலவழித்துத்தான் வழி திறக்கிறது. நாம் ஆசையாகச் சாப்பிடும் சிப்பிக் காளானும் வைக்கோலுக்குள் இந்த வேலையைச் செய்துதான் வளர்கிறது.

செல்லுலோஸில் ஒரே பிணைப்பு திரும்பத் திரும்ப வரும். லிக்னினில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அத்தனைக்கும் தனித்தனி நொதி வைத்துக் கட்டுப்படியாகுமா? 1983இல் அமெரிக்காவின் மேடிசன் நகர ஆய்வகத்தில் மிங் டியென், கென்ட் கிர்க் இருவரும் பேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் லிக்னின் பெராக்சிடேஸைக் கண்டபோது விடை கிடைத்தது. அதே ஆண்டு ஆரிகனிலும் ஒரு குழு அதைக் கண்டது. இந்த நொதி பிணைப்பைப் பிடித்து அறுப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடின் பலத்தில் லிக்னின் வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நிலைகுலைந்த மூலக்கூறு பிறகு தானே உடைகிறது. பங்காளித் தகராறும் இப்படித்தான்: பழைய பேச்சு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் தீர்த்தவர் கிடையாது, எங்கேயோ ஓரிடத்தில் ஒருவர் இளகினால் மிச்சம் தன்னால் தளரும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தழைச்சத்து தாராளமாக இருக்கும்வரை அந்தப் பூஞ்சை இந்த வேலையில் இறங்குவதில்லை. அது தீர்ந்து, வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான் லிக்னினில் கைவைக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு உருப்படியான காரியம் செய்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

குறுக்குவழிக்காரரும் உண்டு. பழுப்பு அழுகல் பூஞ்சை லிக்னினை லேசாக மாற்றிவிட்டு, சர்க்கரையை மட்டும் உருவிக்கொள்ளும். கட்டை பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். உத்தரத்தில் வந்தால் எடை அதிகம் குறையுமுன்பே பலம் போய்விடும். உபதேசத்துக்கு வசதியான ஆள்தான். ஆனால் மரபணுக்களைப் படித்தவர்கள் சொல்வது வேறு: பழுப்பு அழுகல் பூஞ்சைகளின் முன்னோர் வெண் அழுகல் பூஞ்சைகளே. பெராக்சிடேஸ் மரபணுக்களைக் கைவிட்டு, இந்த வழிக்குப் பலமுறை தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் மிச்சம் வைக்கும் லிக்னின் ஊசியிலைக் காடுகளின் மண்ணில் நெடுங்காலம் தங்கி ஈரம் பிடித்துவைக்கிறது. அதனால் குறுக்குவழியைத் திட்டும்போது இப்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.