எட்டுக் கம்பி மாண்டலினும் சீட்டுப் பணமும்: மதுரை மாசி வீதியில் ஒரு சனிக்கிழமை

ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் ரயில் மதுரை ஜங்ஷனில் நிற்கிறது. மானாமதுரையில் ஏறிய ஒரு அப்பாவும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட்டத்தோடு இறங்குகிறார்கள். டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தால் மாசி வீதிகள். அங்கே ஒரு வாத்தியக் கடையில் தொங்கும் பழைய மாண்டலினைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

விலை 6,000 ரூபாய். ஐப்பசி மழைக்கு முன் வீட்டு ஓடு மாற்ற எடுத்த சீட்டுப் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். அதனால் அப்பாவின் கை சட்டைப் பையை விட்டு நகரவே இல்லை.

"நல்லா பளபளன்னு இருக்குல்லப்பா?"

"பளபளப்ப வச்சு என்னத்தா செய்ய? தட்டிப் பாப்போம், இரு."

மானாமதுரைக்காரர்களுக்கு இது பழகிய வழி. அந்த ஊர்க் கடத்தைத் தட்டி, சுருதி பார்த்துத்தான் வாங்குவார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால், சுட்ட மண்ணில் விரிசல் விழுந்தால் கதை முடிந்தது. மரம் அப்படியில்லை. சில குறைகள் சரியாகும், சில சரியாகாது. பழைய மாண்டலின் வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எது சரியாகும்?

கடைக்காரர் மாண்டலினைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் கழுத்தைப் பார்க்கச் சொல்கிறார். எட்டுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய ஒரு ஆளின் எடை இருக்கும். பல வருடம் அதைத் தாங்கும் கழுத்து வில்லாக வளைந்துவிடலாம். அதைச் சரிசெய்வது பெரிய செலவு. இதில் கழுத்து நேராகவே இருக்கிறது.

அடுத்து 12-வது மெட்டு. கம்பியின் நீளத்தில் சரிபாதி அது. அங்கே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் வரும் சுரமும், அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறுகிறது. மகள் முகம் வாடுகிறது. கடைக்காரர் கம்பிகளைத் தளர்த்தி, அடியில் இருக்கும் குதிரையை மயிரிழை பின்னால் தள்ளுகிறார். சுரம் சேர்ந்துவிடுகிறது.

"துரு ஏறுன கம்பிண்ணே. புதுசு மாட்டி வைக்கிறேன், கோயிலுக்குப் போயிட்டு வந்துருங்க" என்கிறார்.

மீனாட்சி அம்மன் கோயில் வடக்கு கோபுரத்தின் அருகே இசைத் தூண்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்களின் கொத்து. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஒலி. கல்லையே பாட வைத்த ஊர் இது. 1916-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்ததும் இந்த ஊரில்தான். அவருடைய அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர்.

சொல்லித்தர யார்?

வெளியே வரும்போது அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்.

"வாங்கிருவோம். நம்மூர்ல யாருத்தா இத உனக்குச் சொல்லிக் குடுப்பா?"

"பாட்டு டீச்சர் பாடுவாங்கப்பா. நான் அத வாசிப்பேன்."

சின்னப் பெண்ணின் கற்பனை இல்லை இது. 1969-ல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்த யு.ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் கையில் எடுத்தது அப்பாவின் மாண்டலினை. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் வாசிப்பான். அந்தச் சிறுவன்தான் 1998-ல் பத்மஸ்ரீ வாங்கிய 'மாண்டலின்' ஸ்ரீநிவாஸ்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். கடையில் இருப்பதில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜோடியாக இருந்தால் கமகத்துக்கு இழுப்பது கடினம். ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டால் விரல் பழக இதுவே போதும்.

தட்டிய விரல்

புதுக் கம்பியில் நாதம் கணீரென்று வருகிறது. கூடவே மெல்லிய 'கிர்ர்' சத்தமும். அப்பா முதுகுப் பலகையை விரலால் தட்டிக்கொண்டே போகிறார். ஓர் இடத்தில் சத்தம் மாறுகிறது.

"இங்கண விட்டுருக்குண்ணே."

கடைக்காரர் காதை வைத்துக் கேட்கிறார். பலகையின் ஓரத்தில் பசை விட்டிருக்கிறது. மதுரை வெயிலுக்கு மரம் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். பழைய பசை எத்தனை வருடம்தான் தாங்கும்?

"ஒட்டிரலாம்ணே. மரத்துல உடைப்பு இல்ல. ஒரு வாரம் குடுங்க."

"அப்ப 500 வச்சுக்கங்க. ஒட்டுனப்புறம் வாசிச்சுப் பாத்துட்டு மிச்சத்தத் தர்றேன். கிர்ருன்னா காசத் திருப்பித் தந்துரணும்."

"சரிண்ணே."

சாயங்கால ரயிலில் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். மகள் ஜன்னல் கம்பியை விரலால் சுண்டிக்கொண்டே வருகிறாள். அப்பா அவளைப் பார்க்கிறார்.

"ஓட்ட தைக்கு மாத்திக்கலாம். நீ அடுத்த சனிக்கெழமைக்கு லீவு கேட்டு வையி."