இரண்டாம் இடத்துக் கல்



ஒர்க்‌ஷாப்பில் டூல் பிட்டைத் தீட்டுகிறோமே, அந்த கிரைண்டிங் வீலின் லேபிளைப் படித்திருக்கிறீர்களா? 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அது அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட்டை மின் உலையில் உருக்கி எடுப்பது. இதே பொருள் இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் பெயர் கொரண்டம். பயப்படாதீர்கள், நம்ம 'குருந்தம்'தான் அது! இந்தப் பக்கத்திலிருந்துதான் அந்தச் சொல் இங்கிலீஷுக்கே போனது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் குருந்தக்கல் கிடைக்கிறது. அதில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம்.

1812-இல் மோஸ் என்பவர் கனிமங்களைக் கடினத்தன்மைப்படி வரிசைப்படுத்தினார். வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. ஒரு மார்க்தானே வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் வைரம் அதைவிடப் பல மடங்கு கடினமானது. அப்படியானால் இரும்பையும் வைரத்தாலேயே தீட்டிவிடலாமே?

முடியாது. காரணம் சூடு. வைரம் சுத்தமான கார்பன். தீட்டும் சூட்டில் அது இரும்போடு கலந்து தேய்ந்துவிடும். காற்றில் சுமார் 800 டிகிரிக்கு மேல் போனால் எரிந்தே போகும். குருந்தமோ ஏற்கெனவே ஆக்சைடு. இனிமேல் எரிய அதில் என்ன இருக்கு? அது உருக சுமார் 2050 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்பு 1538-லேயே உருகிவிடும். கிரைண்டரில் பறக்கும் பொறிகூட கல்லினுடையது அல்ல. எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துகள்தான். வீலில் உள்ள மணி மழுங்கினால் உடைந்து புது முனை காட்டும். மறுபடி வெட்டும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "டிப்ளமாதானா? இன்ஜினியரிங் கெடைக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. உங்களையும் கேட்டிருப்பார்கள். முன்பெல்லாம் தலை குனிவேன். இப்போது இந்தக் கல் ஞாபகம் வருகிறது. வைரம் வைரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பைத் தீட்ட வேண்டிய இடத்தில் கூப்பிடுவது ஒன்பதாம் நம்பரைத்தான். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைவிட, சூடு ஏறும்போது நிற்கிறோமா என்பதுதான் கேள்வி.

கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டர் முன்னால் நில்லுங்கள் நண்பர்களே. சுற்றுவது நம் ஊர்ப் பெயர் கொண்ட கல்!