புத்தூரில் இருந்த அமானத்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு றேடியோ ஏதும் கிடக்கிறதா? அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் என் வாப்பா பழைய இரும்பு வியாபாரம் செய்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் புத்தூரில், நிலாவரைக் கிணற்றுப் பக்கம் இருந்தார். றேடியோ திருத்துவது அவர் தொழில். ‘புத்தூர் மாமா’ என்றுதான் நாங்கள் அழைப்போம். 1960இல் அவர் வாப்பாவுக்காக ஒரு றேடியோவைத் தம் கையாலேயே செய்து தந்தார். உள்ளே வால்வுகளைத் தாங்கும் அலுமினியத் தகடு வாப்பாவின் கடையில் கிடந்தது. பெட்டி பலாப் பலகை. கம்பிச் சுருள்களைக்கூட மாமாவே சுற்றினார். ஐந்து வால்வுகளைக் கொழும்பில் வாங்கினார்கள்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். உள்ளே இழை சூடேறியதும் இலத்திரன்கள் கிளம்பி ஒரு தகட்டை நோக்கி ஓடும். இடையில் மா அரிக்கும் அரிதட்டுப் போல ஒரு கம்பிவலை இருக்கும். வானலை கொண்டு வரும் மெல்லிய அதிர்வு அந்த வலையில் பட்டால், தகட்டில் அதே அதிர்வு பெரிதாக வெளிப்படும். இந்த வகை வால்வை லீ டி ஃபாரெஸ்ட் என்ற அமெரிக்கர் 1906இல் செய்தார். 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் வால்வின் காலம் மெல்ல முடிந்தது.

கையால் செய்வது நம் நாட்டு வானொலிக்குப் புதிதல்ல. எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் முதன்முதலில் ஒலிபரப்பிப் பார்த்தபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டே அனுப்பியை அமைத்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது.

எங்கள் பெட்டியைப் போட்டால் உடனே பேசாது. இழை சூடாக அரை நிமிடமாவது வேண்டும். நோன்பு நாட்களில் உம்மா கஞ்சியைக் கோப்பையில் ஊற்றத் தொடங்கும்போதே வாப்பா விசையைத் திருப்பிவிடுவார். அந்த அரை நிமிட மௌனத்தில் பிள்ளைகள் நாங்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்திருப்போம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டோம். உடுத்த துணியோடு புத்தளம் வந்து சேர்ந்தோம். வீட்டில் இருந்தவை எல்லாம் போயின. அந்த றேடியோ மட்டும் தப்பியது. காரணம், அது பழுதாகி, திருத்துவதற்காகப் புத்தூருக்குப் போயிருந்தது!

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்களும் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு ஓட நேர்ந்தது. மாமா குடும்பம் போகுமுன், எங்கள் பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கொட்டிலில் விறகுக்குள் மறைத்துவிட்டுப் போனது. 1996இல் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் புத்தூர் போனேன். வாப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. மாமிதான் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து என்முன் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். உங்கட பெட்டியில நாங்கள் கை வைச்சிட்டம். அப்ப கரண்டும் இல்லை, பற்றியும் இல்லை. எங்கட சின்ன றேடியோவின்ர ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு. உங்கட ஸ்பீக்கரைக் கழட்டி அதில பூட்டி, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் செய்தி கேட்டம். பிறகு மாமாதான் திருப்பிப் பூட்டினவர். கை நடுங்கினதால ஈயம் வடிவாப் பிடிக்கேல்லை.”

நான் என்ன சொல்ல? பன்னிரண்டு வருடம் காத்துத் தந்தவர், இரண்டு ஈயப் பொட்டுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டு நின்றார். அமானத்தைப் பற்றிச் சிறு வயதில் மத்ரஸாவில் படித்தேன். அதன் பாரத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சென்ற வருடம் பழைய றேடியோக்களைச் சேகரிக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். “கம்பெனிப் பெட்டிகள் எங்கும் கிடைக்கும் உம்மா, இப்படிக் கைவேலைப் பெட்டி ஒன்றுதான் இருக்கும்” என்றார். அவர் சொன்ன விலையில் எங்கள் வீட்டு ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம். நானும் சம்மதித்துவிட்டேன். பிறகு அவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, “ஸ்பீக்கரில் யாரோ அசிங்கமாகப் பற்றவைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். விலை கொஞ்சம் குறையும்” என்றார்.

விலை குறைந்ததற்காக அல்ல, அந்த ஈயத்தைச் சுரண்டுவார் என்பதற்காகவே, “தருவதற்கில்லை” என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் கோபம்தான். இந்த மாரியிலும் கூரையின் கீழ் இரண்டு சட்டிகள் வைத்திருக்கிறேன். நான் செய்தது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தால், எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். உள்ளே பழைய கண்டென்சர்கள் கெட்டிருக்கும், வெடிக்கவும் கூடும். சில பெட்டிகளில் அடித்தகட்டிலேயே மின்சாரம் பாயும். தெரிந்தவரிடம் காட்டுங்கள். நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள்; எழுத்து அழிந்துவிடும்.

அதைவிட முக்கியம், அது யார் கை பட்ட பொருள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு ஈயம்தான் தெரியும். அந்தக் கை ஏன் நடுங்கியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.