கசக்கும் பீர்க்கின் பூர்வோத்தரம்

செஞ்சிப் பிரதேசத்துக் குடியானவர்களிடம் ஆடிப்பட்டத்துப் பீர்க்கைப் பற்றிப் பேச்செடுத்தால், விளைச்சலையும் விலையையும் சொல்லி முடித்த பிறகு அவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் சங்கதி ஒன்று உண்டு. போன வருஷம் நன்றாய்க் காய்த்த கொடியில் வித்தெடுத்து ஊன்றினால், இந்த வருஷம் சில கொடிகளின் காய் வாயில் வைக்க முடியாதபடி கசக்கிறது. சிங்கவரத்தில் ஒரு பெரியவரிடம் காரணம் கேட்டேன். "பேய்ப்பீர்க்கா மாறிடுச்சுங்க ஐயா, நல்லது கெட்டா அப்படித்தான்" என்றார். நல்ல ஜாதி கெட்டுப் பேயாகிறது என்பது அவருடைய சித்தாந்தம். அது மெய்தானா என்று அறிய விரும்பியே பீர்க்கின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன்.

பேய்ப்பீர்க்கைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் பல்லவர் காலக் குடைவரைக்கு ஏறும் மலையின் அடிவாரத்திலேயே, முட்புதர்களின்மேல் படர்ந்து கிடந்தது. அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பழந்தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கறிகாயின் வம்சத்தை விசாரித்துக்கொண்டு அலைவது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. காய்கள் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இல்லை. ஆனால் பந்தல் பீர்க்குக்குள்ள அதே பத்து வரிகள், பொழுது சாயும் நேரத்தில் விரியும் அதே மஞ்சள் பூ. உலர்ந்து பழுப்பேறிய காயொன்றைப் பறித்துத் தட்டினேன். நுனியிலிருந்த சிறு மூடி கழன்று விழ, உள்ளே நார்வலையின் அறைகளிலிருந்து கறுத்த, மேலெல்லாம் சொரசொரத்த வித்துகள் உள்ளங்கையில் உதிர்ந்தன. பந்தல் வித்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், அளவைத் தவிர வேறு பேதம் தெரியவில்லை.

புத்தகங்களிடம் போனேன். மலையாள நாட்டுத் தாவரங்களைப் படங்களோடு பதிப்பித்த வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் எட்டாம் பாகத்தில், 1688-லேயே, பீர்க்கு இடம்பெற்றுவிட்டது. 1753-ல் லின்னேயஸ் அதை வெள்ளரியின் இனப் பெயரால் அழைத்தார். கல்கத்தாவில் இருந்த ராக்ஸ்பரோ அதைப் பிரித்து லஃபா இனத்தில் வைத்ததோடு, கசக்கும் பீர்க்கைத் தனி ஜாதியாகவும் எழுதினார். 1879-ல் வெளிவந்த 'பிரிட்டிஷ் இந்தியாவின் தாவர வளம்' என்ற பெருநூலில் கிளார்க், இரண்டும் ஒரே ஜாதிதான், கசப்பது அதன் ஒரு பேதமே என்று தீர்மானித்தார். இதைப் பின்வந்த சாஸ்திரிகளும் ஏற்றுக்கொண்டு, காட்டிலே தானாக முளைக்கும் கசப்புக்கொடியே பந்தல் பீர்க்குக்கு மூதாதை என்றும், அதன் தாயகம் இந்தியாவே என்றும் கருதுகிறார்கள். ஆடுமாடுகளும் பூச்சிகளும் தின்றுவிடாமல் இருக்கக் கொடி தானே சுரந்துகொண்ட காப்பு அந்தக் கசப்பு. அதைக் கழித்துக் கழித்து, கசக்காததின் வித்தையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி ஊன்றியவன் மனிதன். ஆகவே பெரியவரின் சித்தாந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்: நல்லது கெட்டுப் பேயாகவில்லை, பேயே பழகி நல்லதாயிற்று.

நம் தோட்டத்துக் கொடிகளில் பரங்கியும் சௌசௌவும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. சுரையின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். பீர்க்குக்கு அந்தப் பிரயாணமெல்லாம் கிடையாது. தொல்காப்பியர் 'பீர்' என்ற சொல்லின் புணர்ச்சிக்கென்றே ஒரு நூற்பா செய்திருக்கிறார். குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் 'பீரம்' இருக்கிறது. புறநானூற்றின் 116-ஆம் பாட்டில், பறம்பு மலையை இழந்த பாரி மகளிர் ஒதுங்கியிருந்த சிறுவீட்டைக் காட்டும் கபிலர், முள்வேலியையும், பீர்க்கு முளைத்துச் சுரை படர்ந்த அதன் பக்கத்தையும் மறவாமல் சொல்கிறார். அரசரின் பெண்கள் ஏழ்மையுற்றார்கள் என்று காட்ட, அந்தக் கொடிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

இனிக் கசப்பின் ரகசியம். அந்திப் பூவாகையால் பீர்க்கைத் தேடி வருபவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். வேலியோரத்துப் பேய்ப்பீர்க்கின் பூவில் மகரந்தம் பூசிக்கொண்ட பூச்சி, பந்தல் பூவிலும் போய் அமர்கிறது. அந்தக் கலப்பால் இந்த வருஷத்துக் காய் கசப்பதில்லை. வித்தில் மட்டும் கசப்பு ஒளிந்துகொள்கிறது. மறு வருஷம் முளைத்த பிறகே குடியானவர் திகைக்கிறார்.

வளர்ப்பு முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆடியிலோ தையிலோ, இரண்டரைக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒன்றரை அடிக் குழிகள் எடுத்து, குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் இட்டு, நான்கைந்து வித்து ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிட்டுப் பந்தலில் ஏற்ற வேண்டும். முதலில் கொத்துக்கொத்தாக ஆண்பூவே வரும். பிஞ்சு தாங்கிய பெண்பூ பிறகு தனித்து வரும், அதுவரை பொறுக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிர மருந்தும் இந்தக் கொடிக்கு ஆகா, இலை கருகிவிடும்.

வித்துக்கென்று ஒரு கொடியை ஒதுக்குகிறவர்கள், மறுநாள் மலர இருக்கும் பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் முந்தின நாளே தாளுறையால் மூடிவைத்து, மறுநாள் அந்தியில் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து, மீண்டும் மூடிவிடட்டும். சமைக்கிறவர்கள் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் எறியுங்கள், ஏனெனில் அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வயிற்றையும் கடுமையாகக் கெடுக்கும்.