ரங்கனின் தங்கைக்கு என்ன சீர்?

என் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணமாயிற்று. கல்யாண மாலைகள் வாடிய பிறகும் எறியாமல் மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். ஆடிப் பதினெட்டு அன்று காவிரியில் விடத்தான். எங்கள் திருச்சிப் பக்கத்தில் புதுத் தம்பதி உள்ள வீடுகளில் இது வழக்கம்.

முதல் நாள் ராத்திரி, சித்ரான்னத்துக்குப் புளிக்காய்ச்சலை இறக்கி வைத்துவிட்டுப் பையைப் பிரித்தேன். ரோஜாவும் சம்பங்கியும் சருகாகப் பொடிந்திருந்தன. ஆனால் மாலை என்னவோ மாலையாகவே இருந்தது! என்னடா என்று பார்த்தால், உள்ளே நைலான் கயிறு, நடுநடுவே ஜிகினா சுற்றிய பிளாஸ்டிக் மணி, குஞ்சத்தில் தெர்மகோல் உருண்டை. பூக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பளபளவென்று இருக்கட்டும் என்று கேட்டு வாங்கியவளே நான்தான்.

இதை அப்படியே ஆற்றில் விடுவதா? மனசு கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடிக்கு வந்திருந்த சம்பந்தியம்மா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்தார்.

"என்ன சம்பந்தி, கல்யாண மாலையைப் போய் வெட்டறீங்க? அபசகுனமில்லையா?"

கை அப்படியே நின்றுவிட்டது. பெண்ணைக் கொடுத்த இடம். நாளைக்கு யாருக்காவது ஒரு தலைவலி வந்தால்கூட, "அன்னிக்கே மாலையை வெட்டினாங்க" என்ற பேச்சு என் பெண் காதில்தானே விழும்?

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தில்லை நகருக்குக் குடிவந்த நாளாக, சுவாமிக்குச் சாத்திய பூவைக் குப்பையில் போட்டால் பாவம் என்று, கவரில் கட்டி உய்யக்கொண்டான் வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தவள்தான் நானும். சோழர் காலத்து வாய்க்கால் அது. பூவுக்குப் பாவம் பார்த்தேன், வாய்க்காலுக்குப் பார்க்கவில்லை.

அந்தப் பழக்கத்தை விட வைத்தவர் எங்கள் மாடி வீட்டு டீச்சர். கிறிஸ்தவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார், கிரேக்க நாட்டுப் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் சபையாருக்குத் திருச்சபை வருஷம் செப்டம்பர் 1-இல் பிறக்கிறதாம். பழைய ரோமாபுரி ராஜ்யத்து வரிக் கணக்கு ஆண்டு அது, நம் பசலி மாதிரி. 1989-இல் கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைப் பிதா முதலாம் திமித்ரியோஸ், அந்த வருஷப் பிறப்பையே கடவுளின் படைப்புக்காக ஜபம் செய்யும் நாளாக்கினார். 2015-இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கர்களுக்கும் அதே நாளை வைத்தார். அன்றிலிருந்து அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரைக்கும் அனுசரிக்கிறார்களாம். அந்த மகான் சூரியனை அண்ணா என்பாராம், தண்ணீரைச் சகோதரி என்பாராம்.

"எங்க ரங்கனுக்கும் காவிரி தங்கைதான் டீச்சர்" என்றேன் நான். ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, புடவை, மஞ்சள், குங்குமமெல்லாம் யானை மேல் ஏற்றித் தங்கைக்குச் சீர் கொடுப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்? 2017-இல் ஆடிப்பெருக்குக்கு ஆறே இல்லை. வெறும் மணலைப் பார்த்துக் கற்பூரம் காட்டினோம். மறு வருஷம் மேட்டூர் நிரம்பி வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளே அடித்துக்கொண்டு போயின. வறண்டபோது மணலில் எத்தனை கவர் கிடந்தது என்பதையும் பார்த்தேன். அதில் நான் கட்டிப் போட்டது எத்தனையோ!

இவ்வளவையும் சம்பந்தியம்மாவிடம் சொல்ல முடியுமா? கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"வெட்டலை சம்பந்தி, பிரிக்கத்தான் போறேன். பெருமாளே தங்கைக்குப் புடவை கொடுக்கறார். நாம நைலான் கயிறு கொடுக்கலாமா?"

அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் விரலால் ஒவ்வொரு மணியாக உருவினேன். முடிக்கையில் மணி பன்னிரண்டு. சருகை மட்டும் வாழை இலையில் மடித்து வைத்தேன். படுத்தும் தூக்கம் வரவில்லை, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று.

காலையில் அம்மா மண்டபத்தில் நல்ல தண்ணீர். பெண்ணும் மாப்பிள்ளையும் இலையைப் பிரித்துச் சருகை விட்டார்கள். சம்பந்தியம்மா படியில் நின்று, காதோலை கருகமணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓலையையும் மணியையும் மஞ்சளோடு ஆற்றில் விட்டுவிட்டு, அந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.