ஏணியை நகர்த்தாத ஊர்

டி.வி. செய்தியில் ஜெருசலேம் என்ற பெயர் வந்தாலே நம்மூரில் பல வீடுகளில் ஒலியைக் கூட்டி வைப்பார்கள். அடுத்த வருஷப் பயணத்துக்காகச் சீட்டுக் கட்டிக் காசு சேர்ப்பவர்கள், தமிழக அரசின் புனிதப் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டவர்கள், போய் வந்து ஒலிவ மரச் சிலுவையைப் பூஜை மாடத்தில் வைத்திருப்பவர்கள் என எல்லோருக்கும் ஒரே கவலைதான். ‘அங்கே மறுபடியும் என்ன ஆச்சு?’

கிறிஸ்தவர்களுக்கு அது எருசலேம். முஸ்லிம்களுக்கு முதல் கிப்லாவான பைத்துல் முகத்தஸ். யூதர்களுக்கு யெருஷலாயிம். பார்க்காத ஊருக்காக இத்தனை பேர் பதறுவது உலகத்தில் வேறு எங்கும் அபூர்வம்தான்.

ஒரு சதுர கிலோமீட்டருக்குள்

மதில் சூழ்ந்த பழைய நகரத்தின் பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான். இப்போது நிற்கும் மதில் 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. உள்ளே முஸ்லிம், கிறிஸ்தவ, யூத, ஆர்மீனிய என்று நான்கு குடியிருப்புகள்.

டமாஸ்கஸ் வாசல் வழியாக நுழைந்தால் எள் தூவிய நீள்வட்ட ரொட்டியைத் தள்ளுவண்டியில் அடுக்கி விற்பார்கள். மசாலாக் கடைகளின் வாசனை சந்து முழுக்க வரும். அதே சந்துகளில்தான் சிலுவைப்பாதையும் போகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஜெபித்தபடி அந்த வழியே நடப்பார்கள். அதே நாளில் அல்-அக்ஸாவில் ஜும்ஆ தொழுகைக்குக் கூட்டம் நெரியும். சூரியன் சாயும்போது மேற்குச் சுவரில் யூதர்கள் ஓய்வுநாளை வரவேற்கக் கூடுவார்கள்.

கி.பி. 691-ல் எழுந்த பொன்னிறக் குவிமாடமும், கி.பி. 70-ல் இடிக்கப்பட்ட ஆலய வளாகத்தில் மிஞ்சிய மேற்குச் சுவரும் அடுத்தடுத்து இருப்பவை. அங்கிருந்து கல்லறைத் தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடைதான். அழகும் ஆபத்தும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கின்றன.

இங்கே எதுவும் சின்ன விஷயமல்ல

கல்லறைத் தேவாலயத்தின் முகப்பில், ஒரு ஜன்னலுக்குக் கீழே மரத்தால் ஆன சின்ன ஏணி ஒன்று சாய்ந்து நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பங்கிட்டு வழிபடும் இடம் என்பதால், இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஒட்டோமான் காலத்து ஏற்பாடு. ஏணியை ஒருவர் எடுத்தால் இன்னொருவர் உரிமை போய்விடும். பழுதுபார்க்கும் வேலைக்காகக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும்.

சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை. 1928-ல் மேற்குச் சுவர் அருகே ஆண்கள், பெண்கள் வழிபடும் இடத்தைப் பிரிக்க ஒரு திரை வைத்தார்கள். அதில் ஆரம்பித்த உரசல் வளர்ந்து, மறு வருஷம் நாடு முழுக்கக் கலவரமானது. இரு தரப்பிலும் தலா நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2017 ஜூலையில் அல்-அக்ஸா வளாகம் அருகே இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். முஸ்லிம்கள் அதற்குள் நுழைய மறுத்துத் தெருவிலேயே பாய் விரித்துத் தொழுதார்கள். கருவிகளை அகற்றும்வரை ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காயம் ஒரு பக்கத்துக்கு மட்டுமல்ல. 1948 முதல் 1967 வரை நகரம் முள்வேலியால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. யூதர்கள் மேற்குச் சுவரை நெருங்கவே முடியவில்லை. 1967 போரில் இஸ்ரேல் பழைய நகரத்தைக் கைப்பற்றியதும், சுவருக்கு முன்னால் மைதானம் அமைக்க, தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்த மொராக்கோ குடியிருப்பை இடித்துவிட்டார்கள்.

பதற்றம் வந்தால் முதலில் அடிவாங்குவது சந்துக் கடைகள்தான். 2023 அக்டோபரில் போர் மூண்டபின் பயணிகள் கூட்டம் அடியோடு நின்றது. ஜெபமாலையும் ஒலிவ மரச் சிற்பமும் விற்றுப் பிழைத்தவர்கள் இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள்.

நம்மவர் சுவடு

நமக்கும் இந்த ஊரில் சுவடுகள் உண்டு. ஹெரோது வாசல் அருகே இந்தியப் பயணிகள் தங்கும் ஒரு பழைய விடுதி இருக்கிறது. சுமார் 800 வருஷங்களுக்கு முன் பஞ்சாபைச் சேர்ந்த சூஃபி ஞானி பாபா ஃபரீத் தவமிருந்த இடம் என்பார்கள். 1924-ல் உத்தரப்பிரதேசத்திலிருந்து போன அன்சாரி குடும்பத்தின் பொறுப்பில் அது இருந்து வருகிறது. 1967 போரில் அதன் மேலும் குண்டு விழுந்தது.

ஒலிவ மலையில் உள்ள ஒரு தேவாலயத்தின் சுவர்களில், இயேசு கற்பித்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளில் இருக்கிறது. அதில் தமிழும் ஒன்று. நம்மூர்ப் பயணிகள் அதன் முன் நின்று, ஒரு தடவை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

இரும்புத் தூண்கள் போன கதை

நம்பிக்கை தரும் சம்பவமும் உண்டு. இயேசுவின் கல்லறை மேல் எழுப்பிய சிறு மண்டபம் சரியும் நிலைக்கு வந்ததால், 1947-ல் பிரிட்டிஷார் சுற்றிலும் இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்தார்கள். அப்படியே சுமார் எழுபது வருஷம் நின்றது. யார் சரிசெய்வது என்பதில்தான் உடன்பாடு இல்லை. கடைசியில், 2016-ல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனிய சபைகள் சேர்ந்து வேலையைத் தொடங்கின. 2017 மார்ச்சில் வேலை முடிந்தபோது முட்டுக் கொடுத்த இரும்பு போயிருந்தது. மண்டபம் தன் காலில் நின்றது. இதே தேவாலயத்தில்தான் 2008-ல் இரு பிரிவுத் துறவிகள் கைகலப்பில் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

அந்தத் தேவாலயத்தின் கதவுச் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. திறக்கும் உரிமை இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. சுல்தான் சலாஹுத்தீன் காலத்திலிருந்து வரும் பொறுப்பு என்கிறார்கள் ஜூதே, நுசைபே குடும்பத்தினர். விடியுமுன் சாவி வரும். உள்ளிருந்து ஒரு துறவி, கதவிலுள்ள சிறு திறப்பு வழியே ஓர் ஏணியை வெளியே நீட்டுவார். வெளியே நிற்பவர் அதில் ஏறி மேல்பூட்டைத் திறப்பார்.

முகப்பு ஏணியை நகர்த்த யாருக்கும் துணிவில்லை. ஆனால் இந்த ஏணியை ஒருவர் நீட்ட, மற்றவர் வாங்கிக்கொள்கிறார். கலவரம், போர் என்று செய்தி வரும் நாட்களில் ஜெருசலேமை நேசிக்கிறவர்கள் இங்கே உட்கார்ந்து தேடுவது ஒரே ஒரு சேதியைத்தான்: இன்றைக்குக் கதவைத் திறந்தார்களா?